திரும்ப விட்ட மீன்

கடைசி நாள் காலையில் தணிகாசலம் ஒரு கேள்வியோடு வந்தார்.

"அம்மா, இந்த ட்ரவுட் மீன்ல ஒரு வகை கடலுக்குப் போயிட்டு, பிறந்த ஆத்துக்கே திரும்பி வருமாம். ஒரு புத்தகத்துல படிச்சேன். நிஜமா?"

"கேள்விப்பட்டிருக்கேன். இங்க உள்ளதுக்குக் கடல் கிடையாது சார். கீழே அணை இருக்கு."

"ஆனா இனம் அதேதானே?"

"அதேதான்."

"எத்தனை வருஷம் கழிச்சும் வந்துடுமாம். ஒரு மீன் பிறந்த ஆத்தை மறக்காது. பெத்த பொண்ணு மட்டும் எப்படி மறந்துடுறா?"

கங்கியம்மா டீ வடிகட்டிக்கொண்டிருந்தார். வடிகட்டி முடித்து டம்ளரை அவர் கையில் கொடுத்தார்.

"அது முட்டை போட வருது சார். ஆத்தைப் பார்க்க வரல."

மேல்மலையில் அந்த ஆற்றின் மீன்பிடி காலம் கார்த்திகைக் கடைசியோடு முடியும். பிறகு மீன்கள் முட்டையிட மேலே ஏறும். மூன்று மாதம் யாரும் தூண்டில் போடக் கூடாது.

கங்கியம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மலையில் பிறந்தவர். இருபத்திரண்டு வருடம் ஒரு மீன்குஞ்சுப் பண்ணையில் வேலை பார்த்தார். பனித் தண்ணீரில் நின்று நின்று விரல் மூட்டுகள் வளைந்துபோனதும் வேலையை விட்டுவிட்டு, ஆற்றோரம் இரண்டு அறை வீட்டில் தங்கிவிட்டார். மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு இடம் காட்டுவார். டீ போட்டுக் கொடுப்பார். அதிகம் பேசமாட்டார். பேசிய ஒன்றிரண்டு வார்த்தை சிலருக்கு ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் உறுத்திக்கொண்டே இருக்கும். அப்படி உறுத்தியவர்கள் அடுத்த வருடம் மீனுக்காக இல்லாமல் அவருக்காக வந்தார்கள். குரு என்று யாராவது சொன்னால், "எனக்கு மீன் தெரியும். அவ்வளவுதான்" என்பார்.

தணிகாசலம் அவரைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். திருப்பத்தூர்க்காரர். சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்திரங்களோடு ஆயிரக்கணக்கான கல்யாணங்களையும் பதிவு செய்து கையெழுத்துப் போட்டவர். மனைவி இறந்து எட்டு வருடமாகிறது. மூன்று வருடமாக சீசனில் மலைக்கு வந்து, கீழே டவுனில் ஓர் அறை எடுத்துத் தங்குவார். முதல் வருடம் தூண்டில் வீசக் கற்றுக்கொண்டார். இரண்டாம் வருடம் பொறுமையைக் கற்றுக்கொண்டதாக அவரே சொன்னார். பிடித்த மீன் ஒன்றைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. எல்லாவற்றையும் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார். அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துவிடும்.

டீயைக் குடித்துவிட்டு சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"பொண்ணுக்கு எழுதியிருக்கேன், சுகந்திக்கு. பதினோரு வருஷம் ஆச்சு. எனக்கு இப்ப அவ மேல கோபமே இல்லம்மா. இந்த ஆத்துல நின்னு நின்னு எல்லாம் கரைஞ்சு போச்சு. மனசார மன்னிச்சுட்டேன். போன வருஷம் ஆள் விட்டும் சொன்னேன். ஆனாலும் அவ வரல. ஏன்?"

கங்கியம்மா வெளியே பார்த்தார். புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. வெயில் இன்னும் ஆற்றுப் பள்ளத்துக்கு வரவில்லை.

"இன்னையோட சீசன் முடியுது. முதல்ல மீனைப் பிடிங்க சார்."

*

ஆறு அந்த வாரம் இளைத்திருந்தது. மழை நின்று பதினைந்து நாள். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடியது. ஒரு வளைவில் அது தேங்கி மடுவாகி, பிறகு கூழாங்கற்கள் மேல் மெல்லப் பரவிக் கீழே இறங்கியது.

மடு முடியும் ஓரத்தில், தண்ணீர் இடுப்பளவு இருக்கும் இடத்தில், ஒரு மீன் நின்றது. பெரியது. முன்கை நீளம் இருக்கும். ஓட்டத்தை எதிர்த்து நிற்க வாலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது.

கங்கியம்மா குனிந்து பார்த்தார்.

"பொட்டை மீன். வயித்தைப் பாருங்க. மேல ஏற நிக்குது. இதை விட்டுடுங்க சார்."

"பிடிச்சுட்டு விட்டுடறேன்மா."

"பிடிக்காம விட்டுடுங்க."

"மூணு வருஷத்துல இப்படி ஒண்ணு என் கண்ணுல பட்டதில்ல. ஒரு தடவை கையில எடுத்துப் பார்த்துட்டு விட்டுடப் போறேன். அதுக்கு என்ன ஆகிடும்?"

கங்கியம்மா வழிவிட்டு விலகினார். கரையில் நின்றுகொண்டார்.

தணிகாசலம் நன்றாகவே வீசினார். இறகு கட்டிய முள், மீனுக்கு ஒரு முழம் முன்னால், சத்தமில்லாமல் விழுந்து மிதந்து வந்தது. மீன் கவ்வியது. தூண்டில் நூலின் ரீல் கிரீச்சிட்டது. மீன் மடுவின் ஆழத்துக்குப் பாய்ந்தது, பாறையைச் சுற்றியது, மேலே துள்ளி விழுந்தது. அவர் நூலை விட்டுக் கொடுத்தார், இழுத்தார், மறுபடி விட்டுக் கொடுத்தார். கால் மணி நேரம் ஆனது. மெல்ல மெல்ல அதன் இழுப்பு தளர்ந்தது. கடைசியில் பக்கவாட்டில் சாய்ந்தபடி அவர் காலடிக்கு வந்தது.

அவர் அதை இரண்டு கையாலும் தூக்கினார். அதன் விலாவில் ரோஜா நிறத்தில் ஒரு பட்டை. முதுகெல்லாம் கரும்புள்ளி. வயிறு கனத்துத் தொங்கியது.

"அம்மா, ஒரு போட்டோ! என் பையில போன் இருக்கு."

கங்கியம்மா போனை எடுத்தார். அது பூட்டியிருந்தது. தணிகாசலம் எண்ணைச் சொன்னார். வளைந்த விரலில் இரண்டு தடவை தப்பாக அழுந்தியது. மூன்றாம் தடவை திறந்தது. ஒரு படம் எடுத்தார்.

"வெயில் என் முகத்துக்கு நேரா அடிக்குது. அந்தப் பக்கம் வந்து இன்னொண்ணு."

இன்னொன்றும் எடுத்தார். மீனின் வாய் திறந்து திறந்து மூடியது.

முள் உள்ளே போயிருந்தது. செவுளில் மாட்டியிருந்தது. தணிகாசலம் விரலை விட்டுத் திருகி இழுத்தார். வந்துவிட்டது. கொஞ்சம் ரத்தமும் வந்தது. மீனைத் தண்ணீரில் இறக்கி, சற்று நேரம் பிடித்திருந்து, கையை எடுத்தார். அது ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு வாலை அடித்து ஆழத்துக்குள் போனது.

தணிகாசலம் கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா? போயிடுச்சு."

"உட்காருங்க" என்றார் கங்கியம்மா.

"எதுக்கு?"

"சும்மாதான். உட்காருங்க."

*

பாறை சில்லென்றிருந்தது. இரண்டு பேரும் மடுவைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள்.

"மக கதையைச் சொல்லுங்க சார்."

"போன வருஷமே சொன்னேனே."

"மறுபடி சொல்லுங்க."

போன வருடம் சொன்ன மாதிரியே சொன்னார். ஒரே மகள். எபினேசர் என்று ஒருவனை விரும்பினாள். வேறு சாதி, வேறு மதம், தோல் பதனிடுகிறவரின் மகன். பெற்றவர்கள் பேச்சைக் கேட்காமல் போய்விட்டாள். ஆம்பூரில் இருக்கிறாள். பெற்ற தாய் செத்ததற்குக்கூட வரவில்லை.

"கல்யாணம் எங்க நடந்தது?"

"வேற ஏதோ ஊர்ல. பதிவுக் கல்யாணம்."

"நேரா அங்கேயே போயிட்டாங்களா?"

தணிகாசலம் ஒரு கூழாங்கல்லை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"இல்ல. முதல்ல என்கிட்டதான் வந்தா."

"வீட்டுக்கா?"

"ஆபீசுக்கு. விண்ணப்பத்தை எழுதி எடுத்துக்கிட்டு, அந்தப் பையனோட."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"வரிசையில நிக்கச் சொன்னேன். ரெண்டு மணி நேரம் நின்னாங்க." அவர் கல்லைப் பார்த்தே பேசினார். "முறை வந்ததும் பையன்கிட்ட, உங்கப்பா என்ன வேலை பார்க்கிறார்னு கேட்டேன். சொன்னான். காதுல விழலன்னு சொல்லி மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னான். இன்னும் சத்தமா சொல்லச் சொன்னேன். அங்க இருபது பேர் இருந்தாங்க. சிலர் சிரிச்சாங்க."

"உங்களுக்கு முதல் தடவையே காதுல விழுந்ததா?"

"விழுந்தது."

"அப்புறம்?"

"பேர்ல ஒரு எழுத்து தப்புன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன்."

"தப்பா இருந்ததா?"

"இல்ல."

கங்கியம்மா தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார்.

"எத்தனையோ ஆபீஸ் இருக்கு சார். உங்ககிட்ட ஏன் கொண்டு வந்தாங்க?"

தணிகாசலம் உருட்டுவதை நிறுத்தினார். கல்லைக் கீழே வைத்தார்.

"நான் கையெழுத்துப் போடுவேன்னு நினைச்சிருப்பா."

வெயில் மடுவின் பாதி வரை வந்துவிட்டது.

"அம்மா சாவுக்கு வரலன்னு சொன்னீங்களே. தகவல் சொன்னீங்களா?"

"பதினாறாம் நாள் யாரோ சொல்லித் தெரிஞ்சுக்கிட்டா."

"நான் கேட்டது அது இல்ல."

"சொல்லல."

அப்போது மடுவின் நடுவில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. தணிகாசலம் நுரை என்று நினைத்தார். அது மெல்ல உருண்டு, ரோஜா நிறப் பட்டையைக் காட்டி, மறுபடி வெள்ளையானது. வயிறு மேலாக மிதந்து கரையோரம் ஒதுங்கியது.

அவர் எழுந்து நின்றார்.

கங்கியம்மா தண்ணீரில் இறங்கி அதை இரு கையாலும் எடுத்தார். செவுள் இரண்டு தடவை அசைந்தது. பிறகு அசையவில்லை.

"நான்தான் விட்டுட்டேனே" என்றார் தணிகாசலம். "நீந்திப் போச்சே. நீங்களும் பார்த்தீங்களே."

"பார்த்தேன்."

"இத்தனை வருஷமா விட்டதெல்லாம்?"

"சிலது பிழைச்சிருக்கும்."

"சிலதா?"

"விட்ட உடனே நீங்க கிளம்பிடுவீங்களே சார்."

தணிகாசலத்தின் குரல் உயர்ந்தது. "தெரிஞ்சிருந்தா ஏன் என்னைத் தடுக்கல? கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கலாமே."

"நிறுத்தியிருக்கலாம்" என்றார் கங்கியம்மா. "நிறுத்தல. இந்த மீன் செத்ததுல எனக்கும் பங்கு இருக்கு. வாங்க, வீணாக்க வேண்டாம்."

*

வீட்டு வாசலில் கல் மேல் வைத்து மீனைக் கீறினார். வயிற்றுக்குள்ளிருந்து முட்டைகள் சரிந்தன. செம்மஞ்சள் நிறத்தில், துவரம்பருப்பளவு, நூற்றுக்கணக்கில். தணிகாசலம் திரும்பிக்கொண்டார்.

"பாருங்க சார். பார்க்கிறதுக்கு என்ன?"

பார்த்தார்.

கங்கியம்மா முட்டைகளை ஒரு கிண்ணத்தில் வழித்துப் போட்டுக்கொண்டே பேசினார்.

"பண்ணையில சேர்ந்த புதுசு. முட்டை பிதுக்குற வேலை கொடுத்தாங்க. மீனைத் தூக்கி வயித்தை அமுக்கணும். எனக்குத் தாங்கல. ஒவ்வொரு மீனைத் தூக்குறப்பவும், என்னை மன்னிச்சுக்கோன்னு சொல்வேன். சத்தமாவே சொல்வேன். பக்கத்துல கெப்பின்னு ஒரு அக்கா வேலை பார்த்தாங்க. ஏழு நாள் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. எட்டாம் நாள், கங்கி, உன் கை காஞ்சு கிடக்குதுன்னாங்க. காஞ்ச கையால தொட்டா மீன் மேல இருக்கிற வழவழப்பு போயிடும். பூஞ்சை பிடிச்சு நாலு நாள்ல செத்துடும். நான் தொட்டதெல்லாம் அப்படித்தான் செத்துக்கிட்டிருந்தது. எனக்குத் தெரியாது."

"அப்புறம் மன்னிப்புக் கேட்டீங்களா?"

"கையை நனைச்சேன்."

மீனை மிளகும் உப்பும் போட்டு வறுத்தார். இரண்டு தட்டில் சோறு வைத்தார். தணிகாசலம் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். மென்றார். விழுங்க முடியவில்லை. கங்கியம்மா அவரைப் பார்க்கவில்லை. தன் பங்கைச் சாப்பிட்டு முடித்து, அவர் தட்டிலிருந்ததையும் எடுத்துச் சாப்பிட்டார்.

கை கழுவிவிட்டு வந்து, "அந்தக் கடிதத்தை வாசிங்க" என்றார்.

தணிகாசலம் எடுத்தார். மடிப்பில் ஈரம் ஏறியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"அன்புள்ள சுகந்திக்கு. நீ எனக்குச் செய்ததையெல்லாம் மறந்து, உன்னை மனமார மன்னித்து..."

அங்கேயே நின்றுவிட்டார். மேலே வாசிக்கப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"திருப்பத்தூர்ல இருந்து ஆம்பூர் எவ்வளவு தூரம் சார்?"

"பஸ்ல ஒன்றரை மணி நேரம்."

"திருப்பத்தூர்ல இருந்து இங்க?"

"ஒரு பகல் முழுக்க ஆகும்."

கங்கியம்மா அடுப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

*

இரண்டு நாள் கழித்துத் தணிகாசலம் ஆம்பூரில் இறங்கினார்.

பஸ்ஸில் வரும்போதே என்ன பேச வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். மன்னித்துவிட்டேன் என்ற வார்த்தையை எடுக்கக் கூடாது. ஆபீசில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சாவுச் செய்தி சொல்லாததைச் சொல்ல வேண்டும். அவள் அழுதால் பக்கத்தில் போகக் கூடாது. திட்டினால் தலைகுனிந்து கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு ஷூ கம்பெனிக்குப் பின்னால் குறுகலான தெரு. பச்சைக் கதவு. அவளே திறந்தாள்.

சுகந்திக்கு முப்பத்தேழு வயதாகியிருந்தது. காதோரம் நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் அவருக்கு மனைவி ஞாபகம் வந்தது. தையல்நாயகிக்கும் அந்த வயதில் அதே இடத்தில்தான் நரைத்தது.

அவள் அதிர்ச்சியடையவில்லை. உள்ளே வரச் சொல்லவும் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிலைப்படியில் நின்றாள்.

"அன்னைக்கு ஆபீஸ்ல நான் வேணும்னேதான் அப்படிக் கேட்டேன். பேர்ல தப்பு இல்ல."

"தெரியும். நான் அங்கதானே நின்னேன்."

"அம்மா போனப்ப உனக்குச் சொல்லக் கூடாதுன்னு நான்தான் எல்லாரையும் தடுத்தேன்."

"அதுவும் தெரியும். பக்கத்து வீட்டு அத்தை சொன்னாங்க."

அவர் சொல்ல வந்தது முடிந்துவிட்டது. டம்ளரைப் பிடித்தபடி நின்றார்.

"எனக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள் சுகந்தி. "எட்டு வருஷமா அதையேதான் நினைச்சுக்கிட்டிருக்கேன். உங்களைத் தவிர வேற யாருக்கும் தெரியாது. அம்மா என்னைக் கேட்டாங்களா?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. கங்கியம்மாவிடமும் அவர் இதைச் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. இல்லை, நினைவே இல்லாமல்தான் இருந்தாள் என்று சொல்லிவிடலாம். அவள் நம்புவாள். ஒருவேளை அது அவளுக்கு நிம்மதியாகக்கூட இருக்கும். அவருக்கும்தான்.

"கேட்டா" என்றார்.

"எத்தனை தடவை?"

"மூணு தடவை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் டம்ளரை மறு கைக்கு மாற்றினார். தண்ணீரைக் குடிக்கவில்லை.

"தகவல் சொல்லியாச்சு, கிளம்பிட்டா, வந்துக்கிட்டே இருக்கான்னு சொன்னேன்."

"எப்ப சொன்னீங்க?"

"ஆஸ்பத்திரியில சேர்த்த முதல் நாளே."

"எத்தனை நாள் இருந்தாங்க?"

"மூணு நாள்."

சுகந்தி நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் குரல் மாறவில்லை.

"நினைவு இருந்ததா?"

"கடைசி வரைக்கும் இருந்தது."

"எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாங்க?"

"கதவுப் பக்கம்" என்றார். "திரும்பிப் படுக்கச் சொன்னேன். மாட்டேன்னுட்டா. நீ வந்தா தெரியணுமாம்."

வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல், "யாரு சுகந்தி?" என்று கேட்டது.

"யாரோ அட்ரஸ் கேட்டு வந்திருக்காங்க" என்றாள் அவள்.

பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"தண்ணியைக் குடிச்சுட்டு டம்ளரை ஜன்னல்ல வெச்சுட்டுப் போங்க."

கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தவில்லை. தாழ்ப்பாள் விழும் சத்தம்கூட மெதுவாகத்தான் கேட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளே யாரோ குழாயைத் திறந்துவிட்டார்கள். பாத்திரம் எதுவும் நிரம்புகிற மாதிரி இல்லை. தண்ணீர் சும்மா கொட்டிக்கொண்டே இருந்தது. அவர் தெருமுனை திரும்பும் வரை அந்தச் சத்தம் நிற்கவில்லை.

*

மார்கழி நடுவில் தணிகாசலம் மலைக்கு வந்தார். கையில் தூண்டில் இல்லை. துணிப்பை ஒன்று மட்டும் இருந்தது. சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது.

ஆற்றங்கரையில் யாரும் இல்லை. கங்கியம்மா வீட்டுக்குப் பின்னால் பாத்தி கொத்திக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்குக்கு நிலம் தயாராகிக்கொண்டிருந்தது.

"சீசன் இல்லையே சார்" என்றார்.

"மீனுக்கு வரல. இங்கேயே தங்கிடலாம்னு வந்தேன். உங்க பக்கத்துல."

"இங்க இடம் இல்லையே."

அவர் பையைக் கீழே வைத்தார்.

"நீங்க போகச் சொன்னீங்க. போனேன்."

"நான் போகச் சொல்லல சார். தூரம் கேட்டேன்."

"சரி. நானாவே போனேன். எதையும் மறைக்கலம்மா. உங்ககிட்டகூடச் சொல்லாததைச் சொன்னேன். தையல்நாயகி மூணு நாள் அவளைக் கேட்டா. வர்றா வர்றான்னு நான் பொய் சொல்லிக்கிட்டே இருந்தேன். கதவைப் பார்த்துக்கிட்டேதான் செத்தா. அதைச் சொன்னேன் சுகந்திகிட்ட. அவ கேட்டப்ப, இல்லன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். சொல்லிட்டேன்."

கங்கியம்மா கொத்துவதை நிறுத்தினார். மண்வெட்டிக் காம்பில் இரண்டு கையையும் வைத்தபடி நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"கதவைச் சாத்திட்டா" என்றார் தணிகாசலம். "எதிர்த்தாப்புல ஒரு டீக்கடை இருக்கு. அங்கேயே உட்கார்ந்தேன். நாலு நாள். காலையில போய் உட்காருவேன், சாயங்காலம் எழுந்து வருவேன். தினமும் என்னைத் தாண்டித்தான் வேலைக்குப் போனா. ரெண்டு தடவை நேராவே பார்த்தா. ஒரு வார்த்தை பேசல. அஞ்சாம் நாள் அந்தப் பையன், எபினேசர், அவர்தான் வந்தார். ஐயா, நீங்க இங்க உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அவ சாப்பிட மாட்டேங்குறா, தயவு செஞ்சு போயிடுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டார்."

அவர் அழ ஆரம்பித்தார். அழுகையோடு கோபமும் வந்தது.

"எட்டு வருஷம் அதை நெஞ்சுல வெச்சுக்கிட்டுத் தூங்காம இருந்தவன் நான். என் வாயாலயே சொல்லிட்டேன். நான் பட்டது கொஞ்சமா? அதுக்கு ஒரு வார்த்தை கிடையாதா? திட்டியாவது இருக்கலாமே. அவகிட்ட இருந்து எனக்கு எதுவுமே கிடையாதா அம்மா?"

கங்கியம்மா மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். அவர் முன்னால் வந்து நின்றார்.

"அது உங்க நெஞ்சுல இருந்தாலும் உங்களோடது இல்ல சார். ஒரு அம்மா தன் மகளுக்கு விட்டுட்டுப் போன சேதி. எட்டு வருஷம் அதை நீங்க வெச்சுக்கிட்டீங்க. இப்பக் கொண்டுபோய்ச் சேர்த்துட்டீங்க. அப்புறமும் கூலி கேட்கிற மாதிரி அந்த வாசல்ல ஏன் நிக்கிறீங்க?"